மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனுக்கு டைப்பிங் வேகம் போதாதா?

ஜனவரி 8, மாலை 6.20 (கேள்வி)

பி.எஸ்சி விலங்கியல் முடித்திருக்கிறேன். இங்கிலீஷ் டைப்பிங் ஹையர் பாஸ், நிமிஷத்துக்கு 60 வார்த்தை வரும். ஆங்கிலப் படம் சப்டைட்டில் இல்லாமலே புரியும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் (அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிக்கும்) வேலைக்குப் போக ஒரு இடத்தில் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். வேகமாக அடிக்கத் தெரிந்தவனுக்குப் பயிற்சி எதற்கு? தெரியாத வார்த்தையை கூகுளில் போட்டால் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், கம்ப்யூட்டரே கேட்டு எழுதிவிடுகிறது, அந்த வேலையே இல்லை என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு 10.40

தம்பி, வேகம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். கணக்கைப் பாருங்கள். அமெரிக்க டாக்டர் டிக்டேஷனில் நிமிஷத்துக்கு 120 முதல் 150 வார்த்தை பேசுவார், சிலர் அதற்கும் மேல். அந்த வேகத்துக்கு யாரும் அடிப்பதில்லை, அடிக்கவும் வேண்டாம். அதற்குத்தான் காலடியில் பெடல் இருக்கிறது. நடு மிதியை அழுத்தினால் ஆடியோ ஓடும், இடது பின்னால், வலது முன்னால். காலை எடுத்துவிட்டுத் திரும்ப அழுத்தும்போது ஒன்று அல்லது இரண்டு நொடி பின்னால் போய் ஆரம்பிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொற்றொடரைக் காதில் வாங்கி, அது விரலில் இறங்கும்போதே அடுத்ததைக் காது பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் வராதவருக்கு 80 வார்த்தை வேகம் இருந்தாலும் பாதி நேரம் பெடலோடு போராட்டமாகவே போகும்.

கூலி வரிக்கு. ஒரு வரி என்பது இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து. 120 வார்த்தை, வார்த்தைக்குச் சராசரி 6 எழுத்து என்றால் 720. அதை 65-ஆல் வகுத்தால் 11 வரி. நடுவில் டாக்டர் ஃபைல் புரட்டும் நேரம் போக, ஒரு நிமிஷ டிக்டேஷனுக்கு 10 வரி என்று வைத்துக்கொள்ளலாம். தேர்ந்தவருக்கு அந்த ஒரு நிமிஷத்தை முடிக்க மூன்று, நான்கு நிமிஷம் ஆகும். புதியவருக்குப் பத்து நிமிஷமும் போதாது. அந்த ஏழு நிமிஷ வித்தியாசம் முழுக்க வார்த்தையைத் தேடுவதில் போகிறது. விரல் வேகத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

ஜனவரி 8, இரவு 11.05

கூகுள் பற்றி. எழுத்துக்கூட்டல் தெரிந்தால்தானே தேட முடியும்? 'டோசிஸ்' என்று காதில் விழுகிறது, கண் இமை தொங்குவது. அது பி எழுத்தில் ஆரம்பிக்கிறது. 'நியூமோ' என்று தொடங்குவதெல்லாம் பி, 'சூடோ' என்பதும் பி, 'ஸீரோஸ்டோமியா' எக்ஸ். சத்தத்தை வைத்து அகராதி புரட்டுகிறவர் தப்பான பக்கத்திலேயே நிற்பார்.

அதைவிட மோசம், தேடியதும் சரியான ஒரு வார்த்தையே கிடைத்து, அது வேறொரு வார்த்தையாக இருப்பது. 'இலியம்' என்று கேட்கிறது. நடுவில் ஈ எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ எழுத்து வந்தால் இடுப்பு எலும்பு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், டாக்டர் வாயிலும் ஒன்றுதான். எந்த உறுப்பைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தவர் மட்டுமே சரியாக எழுதுவார். டிஸ்ஃபேஜியா விழுங்க முடியாமை, டிஸ்ஃபேசியா சொல் வராமல் பேச்சுத் தடுமாறுவது. பக்கவாத நோயாளிக்கு இரண்டும் வரலாம் என்பதால் அங்கே சூழல்கூடக் கைகொடுக்காது. அடுத்த வரியில் உணவுக் குழாய் பற்றிப் பேசுகிறாரா, ஸ்பீச் தெரபி பற்றிப் பேசுகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் முந்தைய வரியை முடிக்க வேண்டும். அதிலும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான் விழுங்கும் பரிசோதனையும் செய்வார், அந்தச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது.

விலங்கியல் படித்தது வீண் போகாது. உடலமைப்பு தெரிந்தவர் இந்த இடத்தில் மற்றவர்களைவிடச் சில மாதம் முன்னால் நிற்கிறார்.

ஜனவரி 9, காலை 7.15

படம் புரிகிறது என்றீர்களே, அதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைச் சொல்ல நேற்று மறந்துவிட்டேன். படத்தில் ஒலி முழுதாக வருகிறது. டிக்டேஷனில் பெரும்பகுதி தொலைபேசி வழியாகப் பதிவாகி வந்தது. தொலைபேசி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ்' என்ற ஒலியின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டபின் 'ஸ்' எது, 'ஃப்' எது என்று காதால் பிரிக்க வழியில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், இல்லாத ஒலி திரும்பி வராது. டாக்டர் எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதுகூட எஃப்பும் எஸ்ஸும் மாறிப்போவது இதனால்தான். டிஜிட்டல் ரெக்கார்டர், மொபைல் ஆப் வந்தபின் எவ்வளவோ தேவலை.

அமெரிக்க உச்சரிப்பில் இரண்டு இடம் புதியவர்களைக் கட்டாயம் கவிழ்க்கும். ஒன்று, 'டி', 'டீன்' என்று முடியும் எண்கள். ஃபிஃப்டியும் ஃபிஃப்டீனும் காதில் ஒன்றுபோலவே விழும். 15-ஆ 50-ஆ என்பதை அழுத்தத்தில்தான் பிடிக்க வேண்டும். 15 என்றால் பின்பாதி ஓங்கும், கடைசியில் 'ன்' இருக்கும். 50 என்றால் முன்பாதி ஓங்கும். கவனமுள்ள டாக்டர் 'ஃபிஃப்டி, ஃபைவ் ஸீரோ' என்று தானே பிரித்துச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, 'கேன்', 'கேன்ட்'. முடியும் என்று சொல்லும்போது அவர்கள் அந்தச் சொல்லை 'க்கன்' என்று விழுங்கிவிடுவார்கள். முடியாது என்றால் 'கேன்' என்று முழுசாக, கடைசி டி மட்டும் தொண்டையில் நின்றுவிடும். ஆக, தெளிவாக 'கேன்' என்று காதில் விழுந்தால் பெரும்பாலும் அது முடியாது என்பதுதான். நோயாளியால் நடக்க முடியும், முடியாது என்பது இந்த ஒரு ஒலியில் தொங்குகிறது.

ஜனவரி 9, இரவு 9.50

"டாக்டர் சொன்னதை அப்படியே அடிப்பதுதானே வேலை, இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுகிறேன். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பில் எடுக்கும் ஆபரேஷன் நோட். தினமும் வருவது, மூன்று நிமிஷம்கூட இருக்காது.

முதலில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள், 15 மில்லிமீட்டர் மெர்க்குரி அழுத்தம் வரை. ஏற்றும் ஊசி 'வெரஸ் நீடில்'. புதியவர் காதில் 'வேரியஸ்' நீடில் என்று விழும், பல ஊசிகள் என்று அர்த்தம் வந்து வாக்கியமும் தடையில்லாமல் ஓடிவிடும். வெரஸ் ஒரு ஹங்கேரி டாக்டரின் பெயர். காச நோயாளிகளின் மார்புக்குள் காற்று ஏற்ற 1930களில் அவர் செய்த ஊசி அது. எழுத்து ஒரு ஆர், இரண்டு எஸ். பலர் இரண்டு ஆர் போடுகிறார்கள். அடுத்து 'கலோஸ் ட்ரையாங்கிள்', பித்தப்பைக்குப் பக்கத்தில் உள்ள முக்கோண இடம், பிரெஞ்சுப் பெயர், எழுத்தில் இருக்கும் டி வாயில் வராது. தோல் தடிப்பைக் குறிக்கும் 'கேலஸ்' என்று எழுதியவர்கள் உண்டு. பிறகு சிஸ்டிக் டக்டுக்கு (பித்தப்பையின் குழாய்) கிளிப். உள்ளே தங்கும் பக்கம் இரண்டு, எடுத்துவிடும் பக்கம் ஒன்று என்பது வழக்கம். 'ப்ராக்ஸிமல்' (அருகுப் பக்கம்), 'டிஸ்டல்' (தூரப் பக்கம்) இரண்டையும் எண்ணோடு சேர்த்து வைக்கத் தெரிய வேண்டும். 'போவி' என்றால் மின்கத்தி. 1926-இல் ஹார்வி குஷிங் அறுவையில் பயன்படுத்திய கருவியைச் செய்தவர் பெயர், ஆதலால் முதல் எழுத்து பெரியது.

தையலுக்கு வருவோம். ஃபாசியா (தசை மேல் உள்ள உறை) 0 வைக்ரில், தோல் 4-0 மோனோகிரில், இரண்டும் நூலின் பெயர். டாக்டர் சொல்வது 'ஓ வைக்ரில்', 'ஃபோர் ஓ மோனோகிரில்'. 40 என்றோ, புள்ளி வைத்து 4.0 என்றோ எழுதக் கூடாது, நடுவில் சிறு கோடு. 4-0 மெல்லிய நூல், 2-0 அதைவிடத் தடி, 0 இன்னும் தடி, 1 அதற்கும் மேல். இது தெரிந்தவருக்கு, முகத்துத் தோலை 0 நூலால் தைத்ததாகக் காதில் விழுந்தால் கை தானாக நின்றுவிடும். பெடலை இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பார். வேலையின் சாரம் கை நிற்கும் அந்த இடம்தான்.

ஜனவரி 10, இரவு 10.30

எண்ணும் மருந்தும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. யூனிட் என்பதை யு என்று எழுதக் கூடாது, கையெழுத்தில் அது சைபராகவோ 4 ஆகவோ படிக்கப்பட்டு இன்சுலின் பத்து மடங்காகிவிடும். தினமும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கான கியூ.டி., கியூ.ஓ.டி. இரண்டும் கூடாது, விரித்து எழுத வேண்டும். புள்ளிக்கு முன் சைபர் கட்டாயம், .5 அல்ல 0.5. புள்ளிக்குப் பின் வெறும் சைபர் எங்கேயும் கூடாது, 1.0 அல்ல 1. புள்ளி கண்ணில் படாவிட்டால் 10 ஆகிவிடும்.

மருந்துப் பெயர் சரியாகக் கேட்கவில்லை என்றால் மூன்று பக்கத்திலிருந்து நெருங்கலாம்: நோய், டோஸ், வால். 'லால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், 'ப்ரில்' என்றால் ஏஸ் தடுப்பான், 'சார்டன்' அதன் பங்காளி, மூன்றும் ரத்த அழுத்த மருந்து வகை. டோஸ் இன்னும் நல்ல சாட்சி. தைராய்டு மாத்திரை லீவோதைராக்சின் 88, 112, 137 என்று விநோதமான எண்களில் வருகிறது, மைக்ரோகிராம் கணக்கில். பெயர் மங்கலாக, எண் 112 என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதே மருந்தை டாக்டர் 88 மில்லிகிராம் என்று சொன்னால் அது ஆயிரம் மடங்கு. வாய் தவறியது வெளிப்படை என்றாலும் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. குறிப்புப் போட்டு மேலே அனுப்ப வேண்டும்.

செலிப்ரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. மூன்றையும் வரிசையாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விஷயம் புரியும்.

ஜனவரி 11, காலை 6.45

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 'புள்ளிக்குப் பின் சைபர் எங்கேயும் கூடாது' என்றது தப்பு. மருந்தளவில்தான் கூடாது. ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேனில் கட்டியின் அளவு, குழாய் அளவு போன்றவற்றில் துல்லியத்தைக் காட்ட அந்தச் சைபர் வரலாம் என்று அதே பட்டியலில் விலக்கு இருக்கிறது. பொட்டாசியம் 4.0 என்று டாக்டர் சொன்னால் 4.0 என்றே இருக்க வேண்டும். மூச்சுக்காக உள்ளே விடும் குழாய் 7.0 என்றாலும் அப்படியே. விதியை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு லேப் ரிப்போர்ட்டில் சைபரை வெட்டுவதும் கியூஏ-வில் (ரிப்போர்ட்டின் தரம் பார்க்கும் பிரிவு) மார்க் குறையக் காரணமாகும்.

ஜனவரி 11, இரவு 11.20

இனி பிளாங்க். இந்தத் தொழிலில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இது, பயிற்சி மையங்களில் மிகக் குறைவாகச் சொல்லித் தருவதும் இதுதான்.

கேட்காத வார்த்தைக்குக் கோடு போட்டு விடுவது பிளாங்க். அதைத் தோல்வியாக நினைத்து எதையாவது நிரப்புகிறவர்கள் அதிகம். பொருந்துவது போலத் தோன்றும் வார்த்தையைப் போட்டால் அது யார் கண்ணிலும் படாது. டாக்டர் நாற்பது ரிப்போர்ட்டை வரிசையாகத் திறந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். கோடு இருந்தால் கண் நிற்கும். யூகம் இருந்தால் நோயாளியின் கோப்பில் ஏறி, அடுத்த ஆஸ்பத்திரி வரை போகும். 2021 ஏப்ரல் 5 முதல் அமெரிக்க நோயாளிகள் தங்கள் நோட்டை உடனுக்குடன் தாங்களே படிக்கவும் சட்டம் வழி செய்திருக்கிறது.

அதற்காகக் கேட்ட மாத்திரத்தில் கோடு போடுவதும் சோம்பல். என் வரிசை: மூன்று முறை கேட்கவும். வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்து ஒருமுறை. 50-க்குப் போனால் குரலே குழைந்துவிடும், பிரயோசனமில்லை. பிறகு விட்டுவிட்டு மேலே போகவும், அதே வார்த்தையைப் பின்னால் இம்ப்ரெஷன் (முடிவாகச் சொல்லும் கருத்து) பகுதியில் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருப்பார். இல்லையென்றால் அதே டாக்டரின் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்கவும், ஒவ்வொருவருக்கும் வழக்கமான வாசகம் உண்டு. பிறகுதான் கோடு. கோட்டோடு எந்த நிமிஷம், எந்த நொடி, எது போல ஒலிக்கிறது என்று குறிப்பு வைத்தால் கியூஏ-வில் இருப்பவர் நேராக அந்த இடத்துக்குப் போவார்.

இடம் வலம் முரண்பாடு தனி ஜாதி. ரிப்போர்ட் தலைப்பில் வலது முழங்கால், உள்ளே இடது முழங்கால். எது சரி என்று நமக்குத் தெரிந்ததாக நினைத்தாலும் தெரியாது. நாலு இடத்தில் வலது, ஒரு இடத்தில் இடது என்றால் ஓட்டெடுப்பு நடத்தித் திருத்தக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி வைத்து, குறிப்புப் போட்டு மேலே அனுப்ப வேண்டும்.

ஜனவரி 12, மதியம் 1.10

"ஆண் நோயாளியை நடுவில் 'ஷீ' என்று சொன்னாலுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. அங்கே நோயாளியின் விவரம் திரையிலேயே இருக்கிறது, ஐயமே இல்லை என்றால் திருத்தலாம். ஆனால் அப்படியே எழுது என்று ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரிகள் உண்டு, அங்கே அதையும் தொடக் கூடாது. ஆஸ்பத்திரி கொடுத்த அக்கவுன்ட் குறிப்புதான் முதல், ஸ்டைல் புத்தகம் அதற்குப் பிறகு. ஒன்று கவனியுங்கள்: ரிப்போர்ட்டுக்குள் சொல்லும் உறுப்பே பாலினத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அது வாய் தவறியது ஆகாது, வேறொருவர் எண்ணில் டிக்டேட் செய்திருக்கலாம். ரிப்போர்ட்டையே நிறுத்தி வைக்க வேண்டும்.

ஜனவரி 13, இரவு 10.05

எக்ஸ்பாண்டர். இரண்டு மூன்று எழுத்து அடித்தால் முழு வாக்கியம் விரியும் மென்பொருள். சம்பாத்தியம் இதில்தான். 'கைகால்களில் வீக்கம், நீலம் பாய்தல், விரல் நுனி தடித்தல் எதுவும் இல்லை' என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் வருகிற வரியை ஒவ்வொரு முறையும் அடிக்கத் தேவையில்லை. ஆனால் சுருக்கம் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். பி, டி என்ற இரண்டெழுத்துக்கு 'பேஷன்ட்' என்று வைத்தால், பிசியோதெரபி வரும் இடத்திலும் ரத்தம் உறையும் நேரம் வரும் இடத்திலும் பேஷன்ட் வந்து உட்காரும். கடைசியில் ஒரு க்யூ சேர்த்துப் பிரித்து வையுங்கள். ஹைப்பர் (மிகை), ஹைப்போ (குறை) இரண்டுக்கும் ஒரே எழுத்து வித்தியாசத்தில் சுருக்கம் வைக்கவே வைக்காதீர்கள், அந்த இரண்டை முழுசாக அடிப்பதே நல்லது. வலது, இடதும் அப்படியே.

'மை நார்மல் எக்ஸாம், எக்ஸெப்ட்' என்று டாக்டர் சொல்லும்போது இன்னும் கவனம். டெம்ப்ளேட் (எல்லாம் நார்மல் என்று முன்பே வைத்த வாசகம்) முழுதாக விரிந்து இதய முணுமுணுப்பு இல்லை என்று நிற்கும், கீழே டாக்டர் முணுமுணுப்பு உண்டு என்று சொல்லியிருப்பார். பழைய வரியை அழிக்காவிட்டால் ஒரே ரிப்போர்ட்டில் இரண்டும் இருக்கும்.

ஜனவரி 14, இரவு 9.30

இப்போது கம்ப்யூட்டர் கேள்வி. நேராகச் சொல்கிறேன்: காலியான பக்கத்தில் முதலிலிருந்து அடிக்கும் வேலை வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2009-இல் அமெரிக்கா மருத்துவ மின்பதிவுகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்துச் சட்டம் போட்டபின் டாக்டர்கள் கிளிக் செய்து நிரப்ப ஆரம்பித்தார்கள். மீதி டிக்டேஷனை மென்பொருள் முதல் வரைவாக எழுதுகிறது. இப்போது அறையில் நடக்கும் பேச்சையே கேட்டு நோட் எழுதும் மென்பொருளும் வந்திருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும் இந்த வேலை குறையும் என்றே கணிக்கிறது. மிச்சம் இருப்பது எடிட்டிங் (மென்பொருள் வரைவைத் திருத்துவது), கியூஏ, ஸ்கிரைப் (டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போதே நோட் எழுதுவது) வேலை.

எடிட்டிங் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதன் தப்பு செய்தால் தப்பு மாதிரி தெரியும், மென்பொருள் செய்த தப்பு அழகாக இருக்கும். 'அஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இல்லை. அதை மென்பொருள் 'அ ஃபெப்ரைல்' என்று பிரித்துவிட்டால் காய்ச்சல் உள்ள நோயாளி ஆகிவிடுகிறார். ஒரு இடைவெளிதான் வித்தியாசம், ஸ்பெல்செக்கில் சிவப்புக் கோடே வராது. 'நோ' என்ற ஒற்றை அசை இருமலில் மறைந்து போனால் நெஞ்சுவலி இல்லாதவருக்கு நெஞ்சுவலி வந்துவிடும்.

கண் முந்தினால் கண் சொன்னதைத்தான் காது கேட்கும். அதனால் காது முன்னால், கண் பின்னால் என்று பழக வேண்டும். ஆடியோவோடு சேர்ந்து திரையில் ஓடும் வெளிச்சத்துக்கு ஒரு வார்த்தை பின்னாலேயே கண் இருக்கட்டும். 'இல்லை' வரும் இடத்திலும் எண் வரும் இடத்திலும் ஆடியோவை வேகமாக ஓட்டக் கூடாது.

ஜனவரி 15, இரவு 10.50

பயிற்சிப் பணம் பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 1990களின் கடைசியில் சென்னையில் இந்தத் தொழில் வேர்விட்டபோது வேலை உத்தரவாதம் என்று வாங்கிய பணத்தோடு காணாமல் போன மையங்கள் இருந்தன. இன்றும் கவனம் தேவை. கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். நிஜ டாக்டர் குரல், அடையாளம் நீக்கிய ஆடியோ எத்தனை மணி நேரம் தருகிறார்கள்? ஆசிரியர் வாசித்துப் பதிவு செய்த ஆடியோ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திருத்திய ரிப்போர்ட்டை வரிவரியாகத் திருப்பித் தருகிறார்களா? பயிற்சி எடிட்டிங்குக்கும் சேர்த்தா, வெறும் டைப்பிங்குக்கா? கியூஏ மதிப்பெண் பொதுவாக 98, 98.5 என்று கேட்பார்கள், பயிற்சியிலேயே அந்த அளவுகோலை வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் கம்பெனிகளும் உண்டு, முதலில் அவற்றில் முயற்சி செய்யுங்கள்.

இரவு வேலை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் இங்கே அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. அங்கே டாக்டர்கள் நாள் முடிந்து டிக்டேட் செய்வதெல்லாம் அந்த நேரத்தில்தான் குவியும். ஸ்டாட் (அவசர) ரிப்போர்ட் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பிப் போக வேண்டும்.

ஜனவரி 16, காலை 7.00

எதிலிருந்து பழக வேண்டும் என்று கேட்டதற்கு: டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆரம்பிக்காதீர்கள், அதில் எல்லாத் துறையும் கலந்து வரும். எக்ஸ்ரே ரிப்போர்ட் சின்னது, வாசகம் திரும்பத் திரும்ப வரும், அதில் பத்து நாள். பிறகு ஒரே டாக்டரின் ஆபரேஷன் நோட் இருபது. அதன்பின் ஹிஸ்டரி அண்ட் பிசிக்கல் (நோய் வரலாறும் உடல் பரிசோதனையும்). ஒரே குரலில் இருபது செய்தால் இருபத்தொன்றாவதில் அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்துவிடும்.

பெடலை வலது காலுக்கு நேரே வைக்காமல் சற்று வெளிப்பக்கமாக வையுங்கள், குதிகால் தரையில் இருக்கட்டும். கீழே வழுக்காத பாய்த்துண்டு ஒன்று போட்டால் நகராது.